முதுகுத்தண்டு ஊசியில் தூசும் துகளும் சேராமல் காத்தல்

கடலூருக்கும் சிதம்பரத்திற்கும் இடையேயுள்ள கிராமங்களில், பிரசவம் என்றால் வீட்டின் உள்ளறையில் மருத்துவச்சியின் கையால் நடைபெறுவது என்றிருந்த காலம் மறைந்துவிட்டது. இன்று தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேற்பட்ட பிரசவங்கள் ஆஸ்பத்திரிகளிலேயே நிகழ்கின்றன. 2019 முதல் 2021 வரை நடத்தப்பெற்ற தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் மாநிலத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 45 குழந்தைகள் ஆபரேஷன் மூலம் பிறந்திருக்கின்றன. இந்த எண்ணிக்கை இவ்வளவு உயர்ந்திருப்பது நல்லதா என்பது தனியே ஆராய வேண்டிய விஷயம். ஆனால் இத்தகைய ஆபரேஷன்களில் மிகப் பெரும்பாலானவை, தாயின் முதுகில் ஓர் ஊசி செலுத்தி, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியற்றுப் போகச் செய்தே நடத்தப்படுகின்றன. குடலிறக்கம், கால் எலும்பு முறிவு முதலியவற்றுக்கும் இம்முறையே கையாளப்படுகின்றது. ஆகவே முதுகுத்தண்டு ஊசி என்பது பட்டணத்து விஷயமன்று. ஒவ்வோர் ஊரிலும் பலர் அதைப் போட்டுக்கொண்டிருக்கின்றனர்.

இந்த ஊசியைப் பற்றி நம் கிராமங்களில் ஒரு பேச்சு உண்டு. "முதுகில் ஊசி போட்டார்கள், அன்று பிடித்த இடுப்புவலி இன்னும் விடவில்லை" என்று சொல்லாத தாய்மார் குறைவு. முதுகில் மருந்து செலுத்திக்கொண்டவர்களையும் செலுத்திக்கொள்ளாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆராய்ச்சிகளில், பிரசவத்திற்குப் பின் நெடுநாள் நீடிக்கும் முதுகுவலி இரு சாராரிடமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் காணப்பட்டது. கர்ப்ப காலத்தின் பாரம், குழந்தையைக் குனிந்து தூக்குதல், ஓய்வின்மை ஆகியவையே அதற்குப் பெருங்காரணங்கள். அஞ்ச வேண்டாததற்கு நாம் அஞ்சுகின்றோம். கவனிக்க வேண்டிய ஒன்றையோ கேட்டதேயில்லை. அந்த ஊசி மருந்தோடு கண்ணாடித் துகளும் தூசும் நூலிழையும் உள்ளே போகாமல் தடுக்கப்படுகின்றனவா என்பதே அது.

முதலில் ஊசி எங்கே போகின்றது என்பதை அறிதல் நலம். மூளையிலிருந்து இறங்கும் தண்டுவடம், வயது வந்தோர்க்கு இடுப்புப் பகுதியின் முதல் அல்லது இரண்டாம் எலும்பின் மட்டத்தில் முடிந்துவிடுகின்றது. அதற்குக் கீழே நரம்புகள் குதிரை வாலைப் போலப் பிரிந்து, தெளிந்த நீர் நிறைந்த ஒரு பையில் மிதக்கின்றன. டாக்டர் ஊசியைச் செலுத்துவது பெரும்பாலும் மூன்றாம், நான்காம் எலும்புகளுக்கிடையே; அங்கே குத்துண்பதற்குத் தண்டுவடம் இல்லை. மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த நீர் முழுவதையும் சேர்த்தாலும் சுமார் 150 மில்லிலிட்டர், அதாவது ஓர் ஆழாக்குக்கும் சற்றுக் குறைவே. அதனுள் செலுத்தப்படும் மருந்து இரண்டு மில்லிலிட்டர் அளவே ஆகும். புபிவகெய்ன் என்னும் அம்மருந்தில் சர்க்கரைச் சத்துச் சேர்த்து, தண்டுவட நீரைவிடக் கனமாக இருக்கும்படி செய்திருப்பார்கள். கனமான மருந்து தாழ்ந்த பக்கம் இறங்கும். நோயாளியைப் படுக்கவைக்கும் விதத்தினாலேயே அது எங்கே பரவவேண்டும் என்பதை டாக்டர் ஓரளவு கட்டுப்படுத்துகின்றார். வரப்பைத் திறந்து பள்ளமான வயலுக்கு நீர் பாய்ச்சுவோர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இம்முறையை முதன்முதல் வெற்றியுடன் கையாண்டவர் ஜெர்மனியின் கீல் நகரத்து டாக்டர் ஆகஸ்ட் பீர், ஆண்டு 1898. அவர் பிறர்க்குச் செய்ததோடு நில்லாது, தம் உதவியாளரைக் கொண்டு தம் முதுகிலேயே சோதனை செய்துகொண்டு, பல நாள் தலைவலியோடு படுத்திருந்தார் என்பதையும் சொல்லவேண்டும். ஊசித் துளையின் வழியே தண்டுவட நீர் கசிவதால் வரும் தலைவலி அது. அதனைக் குறைக்கவே இன்று மிக மெல்லிய ஊசிகள் உபயோகிக்கப்படுகின்றன.

தசையில் போடும் ஊசிக்கும் இதற்கும் பெரியதொரு வேற்றுமை உண்டு. கையிலோ தொடையிலோ ஒரு நுண்துகள் புகுந்தால், தசை அதைச் சுற்றி வளைத்துக்கொள்ளும். பெரும்பாலும் நமக்குத் தெரிவதுகூட இல்லை. தண்டுவட நீரிலோ நரம்புகள் உறையின்றி மிதப்பதைப் போன்று மெல்லிய சவ்வுகளால் மட்டுமே மூடப்பட்டிருக்கின்றன. அங்கே புகுந்த அந்நியப் பொருள் அழற்சியை உண்டாக்கக்கூடும். மிருகங்களிடம் செய்த சோதனைகளில் கண்ணாடித் துகள்களைச் சுற்றிச் சிறு கட்டிகளும் தழும்பும் உண்டானது காணப்பட்டிருக்கின்றது. மனிதரிடம் கண்ணாடித் துகளால் மட்டுமே கால் விழுந்தது என்று நிரூபிக்கப்பட்ட சம்பவங்களைத் தேடினால் கிடைப்பது அரிது. எனினும் நரம்பு சேதமுற்றால் திரும்பப் பெறுவது கடினம். தடுக்கும் வழியோ மிக எளிது. ஆகையால் தடுத்துவிடுவதே விவேகம்.

துகள் எங்கிருந்து வருகின்றது? மருந்து தொழிற்சாலையிலிருந்து ஆம்ப்யூல் எனப்படும் சிறு கண்ணாடிக் குப்பியில், கழுத்து உருக்கி மூடப்பட்டு வருகின்றது. பிரெஞ்சு நாட்டு மருந்தாளர் லிமூசின் 1886இல் உண்டாக்கிய ஏற்பாடு இது. காற்றும் கிருமியும் புகாமல் காப்பதில் இதற்கு இணையில்லை. ஆனால் திறப்பதற்குக் கழுத்தை உடைத்தே ஆகவேண்டும். முன்னாளில் சிறு அரத்தால் கீறி உடைப்பார்கள். இப்போது கழுத்திலேயே கீறல் போட்டு, உடைக்கவேண்டிய பக்கத்தில் ஒரு புள்ளியும் வைத்து அனுப்புகிறார்கள். எவ்வளவு நயமாக உடைத்தாலும் கண்ணாடி கண்ணாடியே; சில துகள்கள் மருந்துக்குள் விழும்.

அவற்றின் அளவைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். தலைமயிரின் பருமன் சுமார் 70 மைக்ரான். 50 மைக்ரானுக்குக் குறைந்ததைக் கண் காண்பது கடினம். மெல்லிய முதுகுத்தண்டு ஊசியின் உள்துளையோ 200 மைக்ரானுக்கும் மேற்பட்டது. ஆகவே, "ஊசிதான் இவ்வளவு மெல்லியதாயிற்றே, துகள் எப்படிப் போகும்?" என்ற வாதம் செல்லாது. கண்ணுக்குத் தெரியாத துகள் அதனுள் தாராளமாகச் செல்லும்.

மருந்து நூல்களில் இதற்கு விதியும் உண்டு. 100 மில்லிலிட்டருக்கு மேற்படாத ஊசி மருந்துக் கலம் ஒன்றில், ஒளியால் துகளை எண்ணும் முறைப்படி, 10 மைக்ரானும் அதற்கு மேலுமான துகள்கள் 6,000க்கு மேலும், 25 மைக்ரானும் அதற்கு மேலுமானவை 600க்கு மேலும் இருத்தலாகாது என்று பல நாடுகளும் வரையறுத்துள்ளன. இது தொழிற்சாலைக்கு விதித்த கட்டளை. குப்பியை உடைக்கும் கணத்தில் உண்டாகும் துகள் இந்தக் கணக்கில் வருவதேயில்லை. சோதனைக்கூடம் நற்சான்று தந்த மருந்தும், கடைசி ஒரு நிமிஷத்தில், ஆபரேஷன் மேசையின் அருகே அசுத்தமாகலாம். அந்த ஒரு நிமிஷத்தைக் காப்பதே இக்கட்டுரையின் விஷயம்.

அரிசி அரித்துச் சமைக்கும் நம் வீடுகளில் இதற்குரிய அறிவு முன்பே இருக்கின்றது. கல் அடியில் தங்கும். மேலாக அரித்து எடுக்கவேண்டும். கடைசிப் பிடி அரிசியை அப்படியே கவிழ்க்கலாகாது. ஆம்ப்யூலைத் திறக்கும்போதும் இதுவே முறை. முதலில் அதன் கழுத்தை ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்து உலரவிடவேண்டும். நூல் உதிரும் பஞ்சாக இல்லாமல், சுத்தமான மருத்துவத் துணியால் கழுத்தைப் பிடித்து, புள்ளிக்கு எதிர்ப்புறமாக ஒரே வீச்சில் ஒடிக்கவேண்டும். கழுத்து நொறுங்கிவிட்டால் அந்தக் குப்பியை எறிந்துவிட்டு வேறொன்றை எடுப்பதே சரி. விலையை எண்ணி அதையே உபயோகித்தல் தகாது. ஒடித்தபின் சற்றுப் பொறுத்தால் பெருந்துகள்கள் அடியில் தங்கும். மருந்தை மெதுவாக, அடியைத் தொடாமல், சிறிது மிச்சம் விட்டு உறிஞ்சவேண்டும். பருமனான ஊசியால் வேகமாக இழுத்தால் துகளும் அதிகமாக வருகின்றது என்று சோதனைகள் காட்டியுள்ளன.

இதனினும் உறுதியான காவல் வடிகட்டி ஊசி. அதன் தலைப்பகுதியில் 5 மைக்ரான் துளைகளையுடைய சல்லடை ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். வயலுக்கு மருந்தடிக்கும் தெளிப்பானின் வாயில் ஒரு வடிகட்டி இருப்பதும், அதை எடுத்துவிட்டு அடித்தால் சிறிது நேரத்தில் முனை அடைபடுவதும் விவசாயிகளுக்குத் தெரிந்ததே. இங்கேயும் அதே தத்துவம். ஒன்று மட்டும் முக்கியம்: மருந்தை உறிஞ்சிய வடிகட்டி ஊசியைக் கழற்றி எறிந்துவிட்டு, முதுகில் செலுத்த வேறு ஊசியை இணைக்கவேண்டும். அதன் வழியாகவே திரும்பச் செலுத்தினால், சல்லடை பிடித்துவைத்த துகள் யாவும் நோயாளிக்கே போய்ச் சேரும். மேலும் 5 மைக்ரான் சல்லடை கண்ணாடியைத் தடுக்குமே அன்றிக் கிருமியைத் தடுக்காது. கிருமி அதனினும் சிறியது. ஆகவே வடிகட்டி ஊசி இருக்கிறது என்று கை கழுவாமல் இருக்க முடியாது.

கண்ணாடி ஒன்றே துகளன்று. உள்ளே கம்பி செருகப்படாத ஊசியால் முதுகைக் குத்தினால், தோலின் சிறு துண்டு ஒன்றை அது வெட்டியெடுத்து உள்ளே கொண்டுபோய் விடலாம். அந்தத் தோல் உள்ளே உயிரோடிருந்து, சில ஆண்டுகளில் கட்டியாக வளர்வதுண்டு. காச நோய் மூளையுறையைத் தாக்கிய குழந்தைகளுக்கு முதுகின் வழியே அடிக்கடி மருந்து செலுத்திய காலத்தில் இத்தகைய கட்டிகள் கண்டதைக் கிரேக்க நாட்டு டாக்டர்கள் 1956இல் வெளியிட்டனர். முதுகுத்தண்டு ஊசியினுள் ஒரு மெல்லிய கம்பி செருகியிருப்பதும், தோலைக் கடக்கும்வரை அதை எடுக்காமலிருப்பதும் இதனால்தான். கையுறை மாட்ட எளிதாக இருப்பதற்குப் பூசிய மாவும் ஒரு துகளே. மாவு பூசிய கையுறைகளை அமெரிக்க அரசு 2017இல் தடை செய்தது. பேசும்போது வாயிலிருந்து தெறிக்கும் எச்சில் துளியும் அப்படியே. முதுகில் ஊசி செலுத்துவோர் முகத்துணி அணிந்தேயாக வேண்டும் என்று அந்நாட்டுச் சுகாதார இலாகா 2007இல் விதித்தது. தோலைச் சுத்தம் செய்யும் மருந்து நன்கு உலர்ந்த பின்பே குத்தவேண்டும். அம்மருந்து நரம்புக்கு விஷம். ஆகவே அதை ஊற்றிய கிண்ணம், முதுகில் செலுத்தும் மருந்து இருக்கும் தட்டில் இருத்தலே கூடாது.

இவையெல்லாம் ஏட்டுக் கட்டளைகள் அல்ல. மனிதர் நடக்கவியலாமற்போன பின்பு கற்றவை. 1947ஆம் ஆண்டு அக்டோபர் 13ஆம் நாள், இங்கிலாந்தில் செஸ்டர்ஃபீல்டு நகர ஆஸ்பத்திரியில், சிறிய ஆபரேஷனுக்காக வந்த இரண்டு ஆண்களுக்கு முதுகுத்தண்டு ஊசி போடப்பட்டது. இருவருக்கும் இடுப்புக்குக் கீழ் நிரந்தரமாகச் செயலற்றுப் போயிற்று. மருந்துக் குப்பிகளின் வெளிப்புறத்தைச் சுத்தம் செய்ய அவற்றைக் கார்பாலிக் திராவகத்தில் ஊறவைத்திருந்தனர். கண்ணுக்குத் தெரியாத விரிசல் வழியே அது உள்ளே கசிந்தது என்று நீதிமன்றம் கருதியது. அத்தகைய விரிசலைப் பற்றி அக்காலத்தில் யாரும் அறிந்திருக்கவில்லையாதலால் டாக்டரைக் குறைகூற இயலாதென 1954இல் மேல்முறையீட்டில் தீர்ப்பாயிற்று. பின்னாளில் சில நிபுணர்கள், கொதிகலத்தைச் சுத்தம் செய்த அமிலம் ஊசியில் தங்கியதே காரணம் என்று வாதித்தனர். இவ்விரண்டில் எது உண்மையாயினும், குற்றம் தொழிற்சாலை மருந்தில் இல்லை. ஆஸ்பத்திரிக்குள் வந்தபின் சேர்ந்த அசுத்தத்தில்தான் இருந்தது. இச்சம்பவத்திற்குப்பின் பிரிட்டனில் பல்லாண்டுகள் இந்த ஊசிக்கே மக்களும் டாக்டர்களும் அஞ்சினர். இன்று குப்பியின் வெளிப்புறமும் கிருமி நீக்கப்பட்டுத் தனி உறையில் வரும் மருந்து கிடைக்கின்றது. திராவகத்தில் ஊறவைக்கும் தேவையே இல்லை.

தொழிற்சாலை தவறினால் என்னவாகும் என்பதை அமெரிக்காவில் 2012இல் கண்டார்கள். மாசச்சூசெட்ஸ் மாநிலத்து மருந்துக் கூடம் ஒன்று தயாரித்த, முதுகுவலிக்கான ஸ்டீராய்டு ஊசி மருந்தில் பூசணம் கலந்திருந்தது. 20 மாநிலங்களில் 750க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். 60க்கு மேற்பட்டோர் இறந்தனர். பின்னர் அதிகாரிகள் அக்கூடத்தில் சோதித்தபோது, பல குப்பிகளில் கரும்பச்சை நிறப் பொருள் வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும் ஒரு சிறு பழக்கத்தின் மதிப்பு அப்போது விளங்கிற்று.

இந்த ஸ்டீராய்டு ஊசியைப் பற்றி விவசாயிகளுக்கு ஒரு வார்த்தை. கரும்புக் கட்டும் நெல் மூட்டையும் சுமந்து முதுகு நொந்தவர்களுக்குச் சில இடங்களில் இது போடப்படுகின்றது. இவ்வகை மருந்துகளில் சில, இயற்கையிலேயே துகள் மிதக்கும் கலவைகள்; வடிகட்டினால் மருந்தே போய்விடும்! இத்துகள் தண்டுவடத்துக்குச் செல்லும் இரத்தக் குழாயில் புகுந்தால் பெருங்கேடு நேரலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2014இல் எச்சரித்தது. ஆகவே இதைத் தேர்ந்த நிபுணரிடம், எக்ஸ்ரே திரையின் வசதியுள்ள இடத்தில் மட்டுமே செய்துகொள்ள வேண்டும். சந்தைக்குப் போகும் வழியில் போட்டுக்கொண்டு வரும் ஊசியன்று இது.

நம் ஜில்லாவில் இவ்வூசி போடும் வசதி பரவலாக இருக்கின்றது. கடலூரில் அரசு தலைமை ஆஸ்பத்திரி உள்ளது. சிதம்பரத்தில் காமராஜ் பெயர் தாங்கிய அரசு ஆஸ்பத்திரி உள்ளது. அண்ணாமலை நகரில், 1985இல் பல்கலைக்கழகத்தின் சார்பில் தொடங்கப்பெற்ற ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, 2021இல் மாநிலச் சுகாதாரத் துறையின் பொறுப்பில் வந்து, ஜில்லாவின் அரசு மருத்துவக் கல்லூரியாக விளங்குகின்றது. அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்குவது 1994இல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். ஒவ்வொரு தொகுதி மருந்திலும் மாதிரி எடுத்துச் சோதித்த பின்பே அது விநியோகிக்கின்றது. அந்த ஏற்பாடு குப்பி உடைபடும்வரை நம்மைக் காக்கும். அதற்குப் பின் காப்பது ஆபரேஷன் அறையின் ஒழுங்கு.

வடிகட்டி ஊசி எல்லா ஆஸ்பத்திரிகளிலும் வழக்கமாக வைக்கப்படும் பொருளன்று. பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இங்கேதான் உதவ முடியும். அரசு ஆஸ்பத்திரிகளில் நோயாளர் நலச் சங்கங்கள் உண்டு. சிறு தேவைகளுக்குச் செலவிட அவற்றினிடம் நிதியும் உண்டு. முதுகில் செலுத்தும் மருந்தை உறிஞ்ச வடிகட்டி ஊசி இருக்கிறதா, மாவு பூசாத கையுறை வாங்கப்படுகிறதா, வெளிப்புறமும் கிருமி நீக்கிய குப்பி கிடைக்கிறதா என்று தலைமை டாக்டரிடம் மரியாதையாகக் கேட்பதில் தவறில்லை. இல்லையெனில் சங்க நிதியிலிருந்து வாங்கத் தீர்மானிக்கலாம். கேட்கும் தொனி முக்கியம். இரவு பகலாக உழைக்கும் டாக்டரையும் நர்ஸையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது போலக் கேட்டால் பலனிராது. கைக்கு ஒரு நல்ல கருவி தேடித் தருவதாகக் கேட்டால் அவர்களே மகிழ்ந்து உதவுவார்கள்.

குடும்பத்தார் செய்யவேண்டியதும் சில உண்டு. இடுப்புவலி என்று பிரசவத்திற்கு முன் முதுகில் எண்ணெய், மஞ்சள், பச்சிலைப் பற்று முதலியன பூசும் வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கின்றது. அதன் பொடியும் பிசுக்கும் தோலில் ஒட்டியிருந்தால் சுத்தம் செய்வது கடினமாகும். நாள் குறித்த ஆபரேஷன் என்றால் அன்று காலை சோப்புப் போட்டுக் குளித்து, முதுகில் ஒன்றும் பூசாமல், துவைத்த துணி உடுத்தி வரவேண்டும். முதுகில் கொப்புளமோ சிரங்கோ இருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லவேண்டும். மருந்தை வெளிக்கடையில் வாங்கி வரச் சொன்னால், குப்பியின் உறை பிரியாமல் இருக்கிறதா, காலம் கடந்ததா என்று பார்த்து வாங்குதல் நலம்; கீழே விழுந்து அடிபட்ட குப்பியைக் கொடுத்துவிடக் கூடாது. ஆபரேஷன் அறையின் வாயிலில் நின்று "இன்னும் ஆகவில்லையா?" என்று அவசரப்படுத்துவதையும் விட்டுவிட வேண்டும். மருந்து உலரவும் துகள் தங்கவும் வேண்டியிருப்பது அந்தச் சில நிமிஷங்கள்தாம்.

ஊசிக்குப்பின் சாதாரணமாக இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் கால்கள் அசையத் தொடங்கும். அதற்கு மேலும் கால் அசையாமலிருந்தாலோ, அசைந்த கால் மீண்டும் வலுவிழந்தாலோ, சிறுநீர் தடைப்பட்டாலோ உடனே டாக்டரை அழைக்கவேண்டும். எழுந்து உட்கார்ந்தால் மிகுந்து, படுத்தால் குறையும் தலைவலி பெரும்பாலும் நீர்க் கசிவினால் வருவது; அதற்குச் சிகிச்சை உண்டு. காய்ச்சலும், கழுத்து மடங்காமையும், வாந்தியும் சேர்ந்து வந்தால் அது மூளையுறை அழற்சியாக இருக்கலாம். வீடு திரும்பிச் சில நாள் ஆகியிருந்தாலும் 108 வண்டியை அழைத்து அதே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். என்ன மருந்து, எந்தத் தொகுதி, எந்த நாள் செலுத்தப்பட்டது என்பது ஆஸ்பத்திரிக் குறிப்பில் பதிவாகியிருக்கும். வெளியேறும்போது தரும் சீட்டைப் பத்திரப்படுத்தி, மறுமுறை ஆபரேஷன் என்றால் அதனையும் கையோடு கொண்டு செல்லவேண்டும். மருந்தினால் கேடு நேர்ந்ததாகத் தோன்றினால் டாக்டரிடமோ நர்ஸிடமோ சொல்லி எழுதிக்கொள்ளச் செய்யலாம்; நோயாளியே தெரிவிக்கவும் தேசிய மருந்து விளைவுக் கண்காணிப்புத் திட்டத்தில் இடமுண்டு. ஆலோசனைக்கு 104 என்னும் அரசுத் தொலைபேசியும் இருக்கின்றது.